318 எப்படி 162 ஆச்சு? கால் மெஷின்காரர்களிடம் ஏமாந்த கதை

மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் சர்க்கரைக்காரர்கள் இருக்கிற வீடுகளில் இதைக் கொஞ்சம் வாசித்துக் காட்டுங்கள்.

அப்பாவுக்கு 66 வயது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுக்குப் போனவர். 11 வருஷமாகச் சர்க்கரை. மெட்பார்மின், கிளிமிபிரைடு இரண்டும் நேரத்துக்குப் போடுவார். மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் கண்டால் மட்டும் பத்தியம் பறந்துவிடும், அது வேறு கதை. போன வருஷத்திலிருந்து ராத்திரி பாதம் எரிகிறது என்று ஈரத்துணி சுற்றிக்கொண்டுதான் படுப்பார்.

சந்தைக்குப் போன இடத்தில் ஒரு மாடியில் 'இலவச ரத்த ஓட்ட சிகிச்சை' என்று பிளெக்ஸ் பார்த்திருக்கிறார். ஏறிப் போனால் வரிசையாக நாற்காலி, ஒவ்வொன்றின் கீழும் சூடு ஏறுகிற ஒரு மெஷின். 40 நிமிஷம் காலை வைத்து உட்கார வேண்டும். அங்கே இருந்த பிள்ளைகள் "அப்பா, சாப்ட்டீங்களா? நேத்து ஏன் வரல்ல?" என்று விசாரிக்கும். பெற்ற பிள்ளைகள் நாங்கள் அப்படிக் கேட்டு எத்தனை நாளாச்சோ.

முதல் நாள் விரலில் குத்திப் பார்த்தார்கள்: 318. காலை பத்தரை மணி, புட்டும் இரண்டு மட்டிப் பழமும் சீனி போட்ட டீயும் முடிந்த நேரம். 15 நாள் கழித்து, "நாளைக்கு விடியக்காலம் வெறும் வயிற்றோட வாங்கப்பா" என்றார்கள். 162. இரண்டு எண்ணையும் ஒரே அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, 162-ஐச் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்தார்கள். அந்த அட்டையை அப்பா சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

சாப்பிட்ட பிறகு பார்த்ததையும் பட்டினியில் பார்த்ததையும் ஒப்பிடவே கூடாது. போதாததற்கு, வெறும் வயிற்றில் 162 என்பதே அதிகம். பொதுவாக 80-லிருந்து 130-க்குள் இருக்கச் சொல்வார்கள். ஆக, அதில் குறைந்தது ஒன்றுமில்லை. இது எனக்கும் அப்போது உறைக்கவில்லை. 14,500 ரூபாய் கொடுத்து மெஷினை வீட்டுக்கே கொண்டு வந்தார். "மாத்திரை கிட்னியைத் தின்னுரும், பாதியாக் குறைங்க" என்று வேறு சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். குறைத்தும்விட்டார். கிட்னியைக் கெடுப்பது கட்டுக்கு அடங்காத சர்க்கரைதான் என்று பிறகு டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார்.

"மக்களே, எரிச்சல் நின்னு போச்சு, கேட்டியா" என்று அப்பா சொன்ன அன்று வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்.

நாலாவது நாள் அம்மா திண்ணை பெருக்கும்போது பார்த்திருக்கிறாள். சிவப்பு சிமெண்ட் தரையில் அப்பா நடந்த தடத்தில், வலது கால் வைத்த இடத்தில் மட்டும் ஈரம். காலைத் தூக்கிப் பார்த்தால் பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து தோல் சுருண்டு கிடக்கிறது. மெஷின் சுட்டிருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை.

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போனோம். தங்கூசி மாதிரி ஒரு நைலான் இழை. அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, அது வளைகிற அளவுக்குப் பாதத்தில் பத்து இடத்தில் அழுத்தினார்கள். மூன்று இடத்தில்தான் "ம்" என்றார். எரிச்சல் நின்றது குணமாகி அல்ல, நரம்பு மரத்து. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 10.2. அதாவது சராசரியாக 246 அளவில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எலும்புக்குப் போகவில்லை என்று எக்ஸ்ரேயில் தெரிந்த பிறகுதான் அம்மா பச்சைத் தண்ணீர் குடித்தாள். இன்சுலின் ஆரம்பித்தார்கள், இரண்டு மாதம் கட்டுப் போட்டோம், இப்போது ஆறிவிட்டது.

பணத்தைக் கேட்கப் போனால் மாடி பூட்டு. போன் சுவிட்ச் ஆப். ரசீதை எடுத்துப் பார்த்தால் 'நன்கொடை' என்று அச்சடித்திருக்கிறது! கடைப் பெயர், முகவரி, மெஷின் என்ற சொல் எதுவும் கிடையாது. 1915-க்குப் போன் போட்டு நுகர்வோர் புகார் பதிந்திருக்கிறேன்; இந்த ரசீதை வைத்து என்ன நடக்கும் என்று பார்க்கலாம். சர்க்கரையைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். எனவே பிளெக்ஸைப் பார்த்தால் போட்டோ எடுத்து வையுங்கள், நான் எடுக்காமல் விட்டேன்.

வெந்நீரில் கால் வைக்கிற பழக்கம் உள்ள பெரியவர்கள் இருந்தால், சூட்டை அவர் காலால் பார்க்க விடாதீர்கள். எங்கள் வீட்டில் இப்போது அம்மாவின் முழங்கைதான் முதலில் இறங்குகிறது. ராத்திரி படுக்கும் முன் பாதத்துக்கு அடியில் கண்ணாடி வைத்துப் பார்ப்பதும் அவள் வேலை.

போன வாரம் திங்கள்சந்தையில் அதே மாதிரி நாற்காலி வரிசை பார்த்ததாகச் சித்தப்பா சொன்னார். அதே ஆட்களா தெரியவில்லை. அந்தப் பக்கம் இருப்பவர்கள் யாராவது ஏறிப் பார்த்துச் சொல்லுங்கள். ரசீது கேட்டுப் பாருங்கள், 'நன்கொடை' என்றிருந்தால் உடனே எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.