ஒலியில் தொடங்கும் வாசிப்புச் செயலி: படங்கள் மட்டும் வேண்டாம்

என் மகளுக்கு எழுத்துகள் தனித்தனியாகத் தெரியும். சொல்லாகக் கூட்டி வாசிக்கத்தான் திணறுகிறாள். அவளுக்காக ஒரு தமிழ் வாசிப்புச் செயலியை வாங்கிப் பயன்படுத்தி வருகிறோம்.

பிடித்தது, ஒலி முதலில் வருவது. 'மூ' என்று குரல் கேட்கும். திரையில் மு, மூ, மோ, ழு மிதக்கும், சரியானதைத் தொட வேண்டும். மாற்றித் தொட்டால் இரண்டின் ஒலியையும் அடுத்தடுத்துக் கேட்க வைக்கிறது. இதுதான் சரியான வழி. எழுத்து வந்து ஐயாயிரம் வருடம் சொச்சம்தான், மூளையில் அதற்கென்று பிறவியிலேயே ஒதுக்கிய இடம் கிடையாது. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பார்வைப் பகுதியில், இடது பக்க அடிப்புறத்தில், ஒரு சிறு இடம் பழகிப் பழகி எழுத்துக்கு உரியதாகிறது. மூளை ஆய்வாளர்கள் லோரான் கொயென், ஸ்தனிஸ்லாஸ் தெஹேன் குழுவினர் 2000-இல் அதற்குச் சொல்வடிவப் பகுதி என்று பெயரிட்டார்கள். அது பேச்சுப் பகுதிகளோடு இணைந்தால்தான் கண் பார்த்தது காதுக்குத் தெரிந்த சொல்லாகும். 1892-இல் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் தெஜெரீன் விவரித்த நோயாளிக்கு அந்த இணைப்பு போய்விட்டது. நன்றாகப் பேசினார், எழுதவும் எழுதினார். தான் எழுதியதையே வாசிக்க முடியவில்லை.

'கெ', 'கே' பாடம் அருமை. பின்னால் ஒலிக்கும் உயிருக்கு உரிய கொம்பு, எழுத்தில் முன்னால் நிற்கிறது. செயலி இரண்டையும் சேர்த்தே ஒளிரவிட்டு ஒரே ஒலியாகச் சொல்கிறது. மகளுக்கு இங்கேதான் நிறையத் தெளிந்தது.

சொற்களுக்கு வந்ததும் சறுக்கல். ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே பெரிய படம். 'நகம்' என்ற சொல்லுக்கு விரல் படம். அவள் எழுத்தைப் பார்க்காமலே 'விரல்' என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகிறாள். படத்தை அணைக்க வழியில்லை, நான் காகிதத் துண்டால் மறைக்கிறேன். மறைத்தால் ந-க-ம் என்று கூட்டுகிறாள். தனியாகச் சொல்லும்போது 'க' வல்லொலி, சொல்லுக்குள் அது மெலிகிறது. கொஞ்சம் விட்டால் தன் காதுக்குப் பழகிய சொல்லை அவளே பிடித்துவிடுவாள். அந்த நேரத்தில்தான் எழுத்துக்கும் ஒலிக்கும் இணைப்பு உருவாகிறது. செயலியோ அதற்குள் முழுச் சொல்லையும் சொல்லிவிடுகிறது! பிள்ளை யோசிக்கிற நேரத்தை இப்படிப் பறிக்கக் கூடாது.

விளம்பரம் இல்லை, இணையம் இல்லாமலும் ஓடும். எழுத்து தெரிந்தும் கூட்டத் தடுமாறும் பிள்ளைகளுக்குத் தாராளமாக வாங்கலாம், பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார முடிந்தால். ஒலிப் பாடங்களுக்கு 5 நட்சத்திரம், சொல் பாடங்களுக்கு 2.