கோடை விடுமுறைக்கு எந்தக் கடல்? மாமல்லபுரம், தரங்கம்பாடி, கன்னியாகுமரி, இராமேசுவரம்

எட்டு வயதும் ஐந்து வயதுமான பிள்ளைகளோடும் முழங்கால் வலியுள்ள என் தாயாரோடும் மே மாதத்தில் நான்கு நாள்கள் கடற்கரை ஊர் ஒன்றில் தங்குவதென்று முடிவானபோது, எங்கள் முன் இருந்தவை இந்த நான்கு ஊர்கள். சென்றது இராமேசுவரத்துக்கு. இன்று கேட்டாலும் அதையே சொல்வேன் என்பதால், இந்த ஒப்பீடு ஒரு பக்கம் சாய்ந்திருப்பதை வாசிப்பவர்கள் முன்கூட்டியே கணக்கில் கொள்ளலாம்.

பார்க்க வேண்டிய இடங்கள் என்ற வகையில் எந்த ஊரும் மற்றொன்றுக்குச் சளைத்ததன்று. பல்லவர் கற்கோயில்களும், 1620-இல் டேனியர் எழுப்பிய கோட்டையும், 133 அடி வள்ளுவர் சிலையும், இராமநாதசுவாமி கோயிலின் நீண்ட பிரகாரங்களும் எல்லோரும் அறிந்தவையே. எங்களுக்கு முடிவைத் தந்தது வேறொரு கேள்வி: பிள்ளைகள் தண்ணீரில் இறங்கலாமா? கடலுக்கு அழைத்துச் சென்றுவிட்டு நாள் முழுவதும் கரையில் நின்று அவர்களை அதட்டிக்கொண்டிருப்பதாக இருந்தால், அதற்கு வீட்டு மொட்டை மாடியே போதும்.

மாமல்லபுரத்தின் கடல் மறைப்பு ஏதுமற்ற வங்கக்கடல். அலைச்சறுக்கு விளையாடுவோர் அந்த ஊரைத் தேடி வருவதற்கு எது காரணமோ, அதுவே ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆகாத காரணமும் ஆகிறது. இத்தகைய கரைகளில் அலைகளுக்கு நடுவே ஓரிடம் மட்டும் அடங்கித் தெரிந்தால், அதைப் பாதுகாப்பான இடம் என்று எண்ணிவிடுகிறோம். கரையில் குவிந்த நீர் கடலுக்குத் திரும்பிப் பாயும் வழியாக அந்த இடமே இருக்கக்கூடும், நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் அது உள்ளே இழுத்துவிடும். ஒரு நாள் சிற்பங்களைப் பார்த்துத் திரும்ப மாமல்லபுரத்துக்கு இணையில்லை. குளிக்கவென்று நான் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்ல மாட்டேன்.

கன்னியாகுமரியில் கரையே பாறைகள் நிறைந்தது. அதைவிட, ஏப்ரல், மே மாதங்களில் அந்தக் கடலோரத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தெற்கே வெகுதொலைவில் எழும் புயல்களின் அலைகள் இந்தியப் பெருங்கடலைக் கடந்து, இங்கே காற்றோ மழையோ இல்லாத நாளிலும் திடீரென்று கரையேறும். கள்ளக்கடல் என்று பெயர் வைத்தவர்கள் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். கடல் கொந்தளித்தால் விவேகானந்தர் பாறைக்குச் செல்லும் படகும் நின்றுவிடும். மேலும், கோடையில் கதிரவன் வடமேற்கே சாய்வதால், முனையில் நின்று பார்ப்பவர்களுக்கு அது கடலுக்குள் மறைவதில்லை. அந்தக் காட்சிக்காகவே செல்வோர் டிசம்பர், ஜனவரி மாதங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

தரங்கம்பாடியில் நான் கழித்தது ஒரே ஒரு மாலைப்பொழுது. ஆகவே அழுத்தமாக எதையும் சொல்வதற்கில்லை. அமைதியில் மற்ற மூன்று ஊர்களும் அதன் அருகே வர முடியாது. பெரியவர்கள் மட்டும் செல்வதாக இருந்தால் என் தேர்வு அதுவாகவே இருந்திருக்கும். ஆனால் 14-ஆம் நூற்றாண்டின் மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியையே அரித்துக்கொண்டுபோன கடல் அது. அதன் ஓரத்தில் சிறுவர்களை விளையாட விட மனம் துணியவில்லை.

இராமேசுவரத்தின் சிறப்பு, அந்தத் தீவுக்கு இரண்டு கடல்கள் இருப்பதுதான். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரில் முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்தைத் தாண்டாதது. பெருங்கடலின் அலைகள் அங்கே நுழையாதபடி இலங்கை ஒரு பக்கமும் ஆதம்பாலத்தின் மணல்திட்டுகள் மறுபக்கமும் தடுத்துவிடுகின்றன. மண்டபத்துக்கு முன்னால், சவுக்குத் தோப்பை ஒட்டிய அரியமான் கடற்கரையில் இதன் பயனை நேரில் கண்டோம். பிள்ளைகள் வெகுதூரம் நடந்துபோன பிறகும் தண்ணீர் அவர்கள் இடுப்பளவிலேயே நின்றது. அம்மா தோப்பின் நிழலில் உட்கார்ந்தபடியே அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் என்று திட்டமிட்டிருந்த அந்தக் கரைக்கு மூன்று நாள்கள் சென்றோம். அலையில்லாத கடல் என்றாலும் பெரியவர் ஒருவர் கூடவே தண்ணீரில் நிற்பது அவசியம். சொறி மீன் பட்டால் உடம்பு எரியும் என்பதையும் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. நான்கில் சென்னையிலிருந்து மிக அருகில் இருப்பது மாமல்லபுரம்; இராமேசுவரத்துக்கு ஓர் இரவுப் பயணம் வேண்டும். அமாவாசையை ஒட்டிச் சென்றால் அறை கிடைப்பது கடினம், அக்னி தீர்த்தத்தில் கால் வைக்கவும் இடமிருக்காது. மீன் சாப்பிடும் ஆசையில் செல்வோர், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை இப்போது சாலை உள்ளது. ஆனால் அங்கே ஒதுங்க நிழலே இல்லை. நாங்கள் முற்பகல் பதினொரு மணிக்குச் சென்று, பத்து நிமிடத்தில் வண்டிக்குள் திரும்பிவிட்டோம். விடியற்காலையில் சென்றிருக்க வேண்டும்.

மேலே சொன்ன அமைதியெல்லாம் கோடைக்கு மட்டுமே உரியது. அப்போது சோழகம் என்னும் தென்காற்று வீசுவதால் வடகடல் அடங்கியும் தென்கடல் சீறியும் இருக்கும். வடகிழக்குப் பருவத்தில் வாடை எழுந்தால் இந்த நிலை தலைகீழாகி, அதே பெண் கடல் கலங்கிக் குமுறத் தொடங்கிவிடும். நான் மழைக்காலத்தில் அங்கே சென்றதில்லை. அரையாண்டு விடுமுறைக்குத் திட்டமிடுவோர் எங்கள் அனுபவத்தை நம்பி அரியமானுக்குக் கிளம்ப வேண்டாம்.