மெக்கார்தரா, கிளேயா?

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சீர்திருத்தம் பற்றி எழுதுவோர், எவரை உதாரணமாக எடுப்பது என்று இந்த இரண்டு அமெரிக்கத் தளபதிகளுக்கு நடுவில்தான் திணறுகிறார்கள். தோற்ற ஜப்பானில் மெக்கார்தர், ஜெர்மனியில் கிளே.

அதிகாரம்: மெக்கார்தர் (1945–51) ஜப்பானியப் பேரரசரையும் அமைச்சரவையையும் வைத்துக்கொண்டே ஆணையிட்டார். ஜெர்மனியில் மைய அரசே இல்லை. வென்ற நாடுகள் பிரித்துக்கொண்ட நான்கு மண்டலங்களில், லூசியஸ் கிளே கையில் அமெரிக்க மண்டலம் மட்டும்.

அரசியலமைப்பு: டோக்கியோவில் மெக்கார்தரின் அலுவலர்களே 1946 பிப்ரவரியில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் வரைவை முடித்தனர். மேற்கு ஜெர்மனிக்கானதை பான் (Bonn) நகரில் ஜெர்மானியர்களே எழுதினர் (1949 மே).

பொருளாதாரம்: ஜப்பானில், வெளியூர் நிலக்கிழார்களின் குத்தகை நிலம் முழுவதையும் அரசே வாங்கி உழுதவருக்கு விற்றது. விலை உறைந்து நிற்க, பணவீக்கம் எகிற, நிலக்கிழாருக்கு மிஞ்சியது சொற்பம். சீர்திருத்தம் பலித்ததற்கு அதுவும் ஒரு காரணம். கிளே பக்கம், 1948 ஜூன் 20 நாணய மாற்றம். நான்கே நாளில் சோவியத்தின் பெர்லின் முற்றுகை.

சறுக்கல்: ஜெர்மனியில், ஆளுக்கு 131 கேள்விகள் கொண்ட படிவங்கள் குவிந்து, நாஜிகளைப் பொறுப்புகளிலிருந்து அகற்றும் 'நாஜி நீக்கம்' தேங்கியது.

நிலம், பெண்கள் வாக்குரிமை என்றால் மெக்கார்தர். கூட்டாட்சி, பனிப்போர் என்றால் கிளே.