வைஹெகே தீவுக்கு ஒரு நாள் படகுப் பயணம்: நான்கு முறை சென்று வந்த ஒரு திராட்சை விவசாயியின் அனுபவம்

தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் பந்தல் போட்டுத் திராட்சை பயிரிடுகிற குடும்பம் எங்களுடையது. மகள் திருமணமாகி நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் குடியேறிய பிறகு, 2018 முதல் 2024 வரை நானும் என் மனைவியும் நான்கு முறை அங்கே சென்று தங்கியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஒரு நாளை ஒதுக்கி, ஒயின் திராட்சைக்குப் பெயர்பெற்ற வைஹெகே தீவுக்குப் படகில் போய் வந்தோம். பிள்ளைகளைப் பார்க்க அந்நாட்டுக்குப் புறப்படும் நம் பகுதிப் பெற்றோர் இப்பயணத்தைப் பற்றி என்னிடம் அடிக்கடி விசாரிப்பதால், அனுபவத்தில் கண்டதை எழுதுகிறேன்.

ஹவுராக்கி வளைகுடாவில் ஏறத்தாழ 92 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்த தீவு அது. நகர மையத்தின் படகுத்துறையிலிருந்து மட்டியாட்டியா துறைக்குப் பயணிகள் படகில் சுமார் 40 நிமிடங்களில் சென்றுவிடலாம். காரை ஏற்றிச் செல்லும் படகு வேறு துறையிலிருந்து கிளம்பி, தீவின் கென்னடி பாயின்ட் துறையை அடைகிறது. ஒரு நாள் பயணத்திற்குக் கார் வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. படகுக்குப் பயன்படுத்தும் ஹாப் அட்டையையே (ஆக்லாந்தின் பயணக் கட்டண அட்டை) தீவின் பேருந்திலும் காட்டி ஏறலாம். ஒயினைச் சுவைத்துப் பார்த்த மாப்பிள்ளை மாலையில் வண்டி ஓட்ட வேண்டுமே என்ற கவலையும் இருக்காது.

முதல் பயணத்தில் நாங்கள் செய்த தவறு, ஜனவரி மாதச் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தது. அங்கே அது கோடை விடுமுறைக் காலம். மாலையில் மட்டியாட்டியாவில் நின்ற வரிசையைக் கண்டதும் மலைத்துப் போனோம். பயணச்சீட்டு கையில் இருந்தாலும் குறிப்பிட்ட படகில் நமக்கென்று இடம் கிடையாது என்பதை அதுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இரண்டு படகுகள் நிரம்பிப் போன பிறகே எங்களுக்கு இடம் கிடைத்தது. மூட்டுவலியுடன் என் மனைவி அத்தனை நேரமும் நின்றுகொண்டிருந்தார். அதன் பின் நாங்கள் வார நாளில்தான் போகிறோம். திரும்பும் படகைப் பிற்பகல் 3 மணியளவில் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு மற்ற நேரங்களைக் குறிக்கிறோம். பலத்த காற்று வீசினால் படகுகள் நிறுத்தப்படுவதும் உண்டு. ஆகவே, ஊர் திரும்பும் விமானத்திற்கு முந்தைய நாளில் இப்பயணத்தை வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு நாளில் இரண்டு தோட்டங்கள் போதும். கேபிள் பே, மட்பிரிக் ஆகிய இரண்டும் துறைக்கு அருகில், ஏற்றப் பாதையில் அடுத்தடுத்து உள்ளன. 1982-இல் தொடங்கப்பட்ட ஸ்டோனிரிட்ஜ், ஒனெடாங்கி கடற்கரைப் பக்கம் இருப்பதால் அதற்குப் பேருந்தில் செல்ல வேண்டும். எங்கே போனாலும் முன்பதிவு செய்துவிடுங்கள். குளிர்காலத்தில் சில தோட்டங்கள் வார இறுதியில் மட்டுமே திறந்திருக்கும்.

2019-இல் அங்கே குளிர்காலமான ஜூலை மாதம் போனபோது, இலையில்லாத கொடியைப் பார்க்க எதற்காகப் பணம் செலவழிக்க வேண்டும் என்று எல்லாரும் தடுத்தார்கள். "ஏனுங்க, தோட்டத்த உட்டுப்போட்டு வந்தும் தோட்டத்துக்கேதான் போகோணுமா?" என்று என் மனைவியும் கேட்டார். ஆனால் நான்கு பயணங்களில் எனக்கு மிகுதியாகக் கற்றுக்கொடுத்தது அதுதான். நம் ஊரில் கொடி உறங்குவதே இல்லை. நாம் கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிவிட்டு, அதைத் தளிர்க்க வைக்கிறோம், அதனால்தான் ஆண்டுக்கு இரண்டு வெள்ளாமை எடுக்க முடிகிறது. அங்கே குளிரில் கொடி தானாகவே இலையுதிர்த்து உறங்குகிறது. அந்த உறக்கத்தின்போது பழைய கிளைகளை வெட்டி நீக்கி, ஓரிரு நீண்ட குச்சிகளை மட்டும் கம்பியில் படுக்கவைத்துக் கட்டுகிறார்கள். செப்டம்பரில் தளிர்த்து, மார்ச், ஏப்ரலில் அறுவடையாகும். ஆண்டுக்கு ஒரே வெள்ளாமை. பந்தல் இல்லாமல் வேலி போலக் கம்பிகளில் நிமிர்த்தி வளர்ப்பதால், வெயிலும் காற்றும் ஒவ்வொரு குலைக்கும் கிடைக்கின்றன. சாம்பல் நோயோடு ஆண்டுதோறும் போராடும் எனக்கு, காற்றோட்டத்தின் அருமை அந்த வரிசைகளின் நடுவே நின்றபோது விளங்கியது. திரும்பி வந்ததும் என் பந்தலில் குச்சிகளின் எண்ணிக்கையைக் குறைத்தேன்.

பிறகு 2023-இலும் 2024-இலும் மார்ச் மாதத்தில் போனோம். முதல் முறையாகப் போகிறவர்களுக்கு அதுவே ஏற்ற பருவம். பழம் பழுக்கும் நேரமாதலால் பறவைகளுக்குத் தப்பிக்க வரிசை முழுவதும் வலை போர்த்தியிருப்பார்கள். மயிலுக்குப் பயந்து நாம் வலை கட்டுவதை நினைத்துக்கொண்டேன். அனுமதி கேட்டு, கேபர்னே என்ற சிவப்பு ஒயின் திராட்சை வகையில் ஒரு பழத்தை வாயிலிட்டுப் பார்த்தேன். நம் பன்னீர் திராட்சையைவிடச் சிறியது, தோல் தடித்தது, விதை மிகுந்தது, ஆனால் தித்திப்பு அபாரம். சிவப்பு ஒயினுக்குச் சாற்றைத் தோலோடு சேர்த்தே புளிக்க வைப்பதால், நிறமும் துவர்ப்பும் அந்தத் தோலிலிருந்தே இறங்குகின்றன என்று அங்கிருந்தவர் விளக்கினார். மது அருந்தாதவர்களும் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்; நான் அருந்துவதில்லை, அதை யாரும் குறையாகக் கருதவுமில்லை.

தோட்ட உணவகங்களில் விலை அதிகம். நாங்கள் புளிச்சோறு கட்டிக்கொண்டு போய், ஒனெரோவா கடற்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தீவு வீடுகள் பெரும்பாலும் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் சேர்த்தே புழங்குகின்றன. ஆயிரம் அடிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டும் தண்ணீருக்கு ஏங்கும் நமக்கு, அந்தத் தொட்டிகளும் நின்று பார்க்க வேண்டியவையே.

விவசாயிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் தோட்டத்தில் மிதித்த காலணியோடு நியூசிலாந்தில் இறங்கினால், வருகைக்கான அறிவிப்புப் படிவத்தில் அதை மறைக்காமல் குறிப்பிட வேண்டும். ஒட்டிய மண்ணை வீட்டிலேயே கழுவிவிடுவது நல்லது. திரும்பும்போது ஒரு கவாத்துக் குச்சியையாவது ஊருக்கு எடுத்து வர ஆசை பிறக்கும். நோயும் அதனுடன் கூடவே வந்துவிடும் என்பதால் நான் அதைத் தொடவில்லை. அளவுகளையும் படங்களையும் ஒரு குறிப்பேட்டில் வரைந்துகொண்டு வந்தேன்.