குளிர்கால வேட்டைக்கு மலிவான கம்பளி உடை: பல பருவம் உழைப்பது எது, காலை வாருவது எது

முழு செட்டையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. உடம்பை ஒட்டிப் போடும் உள்ளாடையும் காலுறையும் மட்டும் புதிதாக, தரமாக இருக்கட்டும். பேன்ட், சட்டை, ஸ்வெட்டர், மேல்கோட்டு எல்லாவற்றுக்கும் ராணுவம் கழித்துவிட்ட சரக்கும் பழைய துணிக்கடையும் போதும். பல பருவம் போட்டுத் தேய்த்த பிறகும் இந்தக் கணக்கு மாறவில்லை. ஆனால் மலிவாக இருக்கிறதே என்று கனமான கம்பளியை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தால் பாதி அலமாரியிலேயே கிடக்கும். கனத்தைப் பார்த்து வாங்குவதுதான் பெரும்பாலோர் செய்வது. பார்க்க வேண்டியது நெசவை.

கம்பளி ஏன் என்று நீட்டி முழக்க வேண்டாம். வேட்டைக்கு முதல் காரணம் சத்தம்: கிளை உரசினாலும் சரசரக்காது. அடுத்தது ஈரம். கம்பளி இழை தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் ஈரத்தை உள்வாங்கிய பிறகும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. உள்வாங்கும்போது கொஞ்சம் வெப்பத்தையும் வெளிவிடும். மேட்டில் ஏறி வியர்த்து, பிறகு அசையாமல் உட்காருகிறவருக்கு இது பெரிய உதவி. தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டாது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் "நனைந்தாலும் கம்பளி சூடாகவே இருக்கும்" என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். 2 கிலோ கோட்டு 600 கிராம் ஈரத்தை இழைக்குள் மறைத்துக்கொள்ளும். அதற்கு மேல் பெய்யும் மழை இழைகளுக்கு நடுவே தேங்கும். அப்போது கோட்டு தோளை அழுத்தும், மறுநாள் காலையிலும் காய்ந்திருக்காது. பனித்தூவலுக்கும் தூறலுக்கும் கம்பளி சரி. அடைமழைக்கு இல்லை.

இனி நெசவு. ஒரே எடையுள்ள இரண்டு துணியில் ஒன்று காற்றை நிறுத்தும், மற்றது சல்லடை மாதிரி விட்டுவிடும். தடிமனாகப் பின்னிய ஸ்வெட்டர் எவ்வளவு கனமாக இருந்தாலும் காற்றுக்கு ஒன்றுமே இல்லை. முள்ளிலும் சிக்கும், பனியும் ஒட்டிக்கொண்டு உருண்டையாகத் தொங்கும். மேலே போடும் உடை நெய்த பிறகு நீரில் அடித்துச் சுருக்கிக் கெட்டிப்படுத்திய துணியாக இருக்க வேண்டும். ஆல்ப்ஸ் மலைப்பகுதியின் லோடன் துணியும், வட அமெரிக்க மரவெட்டிகள் போட்ட மாக்கினா துணியும் இந்த வகைதான். அவற்றில் நெசவின் குறுக்கும் நெடுக்கும் மேலே தெரியாது, மயிர்ப்பரப்பு மூடியிருக்கும். பனி விழுந்தால் தட்டிவிடலாம்.

கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். துணியை ஒற்றை மடிப்பாக வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஊசிமுனை அளவு புள்ளிகள் எங்கும் தெரிந்தால் அது உள்ளடுக்குக்குத்தான். வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மறுபக்கம் வைத்த கையில் காற்று தாராளமாகப் பட்டால், மரத்தில் கட்டிய வேட்டைப் பரணில் உட்காரும்போதும் அப்படித்தான் படும். பிறகு காதருகே பிடித்து நகத்தால் கீறுங்கள். வழவழப்பான சூட் துணி, அதாவது வார்ஸ்டெட், மெலிதாகச் சீறும். மயிர்ப்பரப்புள்ள துணியில் ஒன்றும் கேட்காது. சீறும் துணி கெட்டது என்று பொருள் இல்லை. பழைய சூட் பேன்ட் மிகப் பெரிய பேன்ட்டுக்குள் போட அருமையான நடு அடுக்கு. அதை யாரும் தேடுவதில்லை, எளிதாகக் கிடைக்கும்.

பழைய துணியில் லேபிள் கிழிந்திருக்கும், அல்லது துவைத்துத் துவைத்து அழிந்திருக்கும். உள்தையலிலிருந்து ஒரு நூலை இழுத்து, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். கம்பளி தயங்கித் தயங்கி எரியும், தீயை எடுத்தால் தானே அணையும், தலைமுடி கருகிய நாற்றம் வரும், மிச்சம் விரலில் பொடியாகும். பாலியஸ்டரும் அக்ரிலிக்கும் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். கலப்பு எவ்வளவு என்று அறிய வேண்டுமானால் ஒரு சிறு துண்டை வீட்டு குளோரின் ப்ளீச்சில் ஊறவையுங்கள். சில மணி நேரத்தில் கம்பளி கரைந்துவிடும். மிஞ்சுவது எல்லாம் வேறு இழை. 15 முதல் 20 சதவீதம் நைலான் இருந்தால் நல்லதுதான், தேய்மானம் குறையும். பாதி அக்ரிலிக் என்றால் விட்டுவிடுங்கள்: முதல் பருவத்தில் வித்தியாசம் தெரியாது, அடுத்ததில் உருண்டை உருண்டையாகத் திரண்டு, மெலிந்து, வியர்வை நாற்றம் பிடித்துவிடும். "மறுசுழற்சிக் கம்பளி" என்று எழுதியதில் இழை குட்டையாக இருக்கும். போர்வைக்குப் பரவாயில்லை, பேன்ட்டுக்கு ஆகாது.

பணத்துக்கு அதிகம் திருப்பித் தருவது பேன்ட். ராணுவ உபரியில் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்று சொல்லக்கூடிய ஒரே உடையும் இதுதான். சாம்பல் நிற ஸ்வீடிஷ் எம்-39, பச்சை நிற அமெரிக்க எம்-1951 செர்ஜ் ஃபீல்டு பேன்ட், சுவிஸ் ராணுவப் பேன்ட் எல்லாம் இறுக்கமான துணி, அகலமான தொடை, இடுப்புக்கு மேலே ஏறும் வெட்டு. அந்த உயர இடுப்பு பழக்கமில்லாதவருக்கு விசித்திரமாகத் தோன்றும். குனிந்து ஊர்ந்து போகும்போது முதுகு திறக்காது என்பதுதான் அதன் பயன். பெல்ட் போடாதீர்கள். கனமான பேன்ட் ஈரம் ஏறியதும் கீழே இழுக்கும். பெல்ட்டை இறுக்கினால் இடுப்பில் உள்ளாடை மடிந்து வியர்க்கும். சஸ்பெண்டர், அதாவது தோளில் மாட்டும் பட்டைதான் சரி. அதிலும் உலோகக் கிளிப் வேண்டாம், சட்டென்று கழன்று துப்பாக்கியில் மோதும். பொத்தான் மாட்டும் வகையாக வாங்குங்கள். பேன்ட்டில் பொத்தான் இல்லாவிட்டால் ஆறு பொத்தான் தைப்பது பெரிய வேலையில்லை: முன்னால் நான்கு, பின்னால் இரண்டு.

ராணுவ அளவு எண்களை நம்ப வேண்டாம். நாட்டுக்கு நாடு முறை மாறும். கிடங்கில் கிடந்து சுருங்கியதும் உண்டு. தட்டையாகப் போட்டு இடுப்பை அளந்து இரண்டால் பெருக்குங்கள். வழக்கமாகப் போடும் பேன்ட்டைவிட 5 முதல் 8 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும், உள்ளே ஒரு அடுக்கு போக வேண்டும். இடுப்பைவிட முக்கியம் கவட்டையிலிருந்து இடுப்புப்பட்டை வரை உள்ள உயரம். அது குறைந்தால் பரண் ஏணியில் முழங்காலைத் தூக்கும்போது தையல் பிரியும். வாங்கும் முன் முழுதாகக் குந்திப் பாருங்கள். கால்நுனி அகலமாக இருந்தால் பனி உள்ளே ஏறும். கெய்ட்டர், அதாவது பூட்ஸின் மேல்வாயை மூடிக் காலில் கட்டும் உறை கட்டுங்கள், அல்லது நாடா வைத்துத் தைத்துவிடுங்கள்.

இந்தப் பேன்ட்கள் எங்கே போகும்? முட்டியில் இல்லை. கவட்டையிலும் உட்காரும் இடத்திலும்தான் முதலில் மெலியும். அங்கே வெளிச்சத்தில் பார்க்காமல் வாங்காதீர்கள். பேன்ட் பாக்கெட்டின் உள்துணி பெரும்பாலும் பருத்தி. ஈரமானால் தொடையில் சில்லென்று ஒட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு பின்பைகளையும் பிரித்தெடுத்துவிட்டு, முன்பைகளுக்கு மெல்லிய கம்பளித் துணி வைத்துத் தைத்தால் உடுப்பே மாறினது போல இருக்கும்.

மேல்கோட்டு விஷயத்தில் ஏமாறுவது அதிகம். பழைய ஆண்கள் ஓவர்கோட்டு நல்ல கம்பளிதான், ஆனால் உள்ளே வழவழ லைனிங். கையை அசைத்தாலே அது சரசரக்கும். முழுதாகப் பிரித்து எடுக்கலாம், ஒரு மாலை வேலை. தோளிலும் கக்கத்திலும் உள்ள தையலை மட்டும் வெட்டாமல் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே இறங்கும் கோட்டை இடுப்புக்குச் சற்றுக் கீழே வெட்டி மடித்துத் தைத்தால் நடக்கத் தடை இருக்காது. வெட்டிய துணி ஒட்டுப்போட உதவும். லைனிங் இல்லாமல் பிறந்த கோட்டு கிடைத்தால் அதையே எடுங்கள். அளவு ஒரு படி பெரிதாக இருக்கட்டும், ஆனால் தொளதொளவென்று வேண்டாம்.

காற்றுக்கு ஒரு வழி உண்டு, செலவும் குறைவு. மெல்லிய நைலான் காற்றுத்தடுப்புச் சட்டையை மேலே போட்டால் கம்பளியின் மௌனம் போச்சு. அதையே ஸ்வெட்டருக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் போடுங்கள். காற்று நின்றுவிடும், சத்தம் இரண்டு கம்பளிக்குள் அமுங்கிவிடும். நடக்கும்போது மட்டும் கழற்றிவிட வேண்டும். போட்டுக்கொண்டு நடந்தால் வியர்வை உள்ளேயே நிற்கும்.

தடித்த கோட்டு துப்பாக்கி தோளில் உட்காரும் இடத்தை மாற்றிவிடும். தோளில் பதியும் பின்கட்டை ஓரிரு சென்டிமீட்டர் நீண்டது போல் ஆகும், தூக்கும்போது கக்கத்தில் மாட்டும், தொலைநோக்கியில் கண் தள்ளி நிற்கும். பயிற்சி மைதானத்தில் டி-ஷர்ட்டோடு சுட்டுவிட்டு காட்டில் கோட்டோடு சுடுவதில் அர்த்தமில்லை. வில் பிடிப்பவருக்கு இதைவிடச் சிக்கல்: நாண் முன்கை துணியில் உரசினால் அம்பு எங்கோ போகும். கைப்பட்டை ஒன்றைத் துணிக்கு மேலே கட்டி அமுக்குங்கள். உலோகப் பொத்தான்களை மாற்றுங்கள், வெல்க்ரோ எங்கே இருந்தாலும் பிரித்தெறியுங்கள்.

உள்ளாடைக்கு மெரினோ, அதாவது மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளி. 30 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) மேல் தடித்த இழை கலந்திருந்தால் தோலைக் குத்தும். 18, 19 மைக்ரான் அளவில் உள்ளது குத்தாது. நடந்து தேடுகிறவருக்குச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம், உட்கார்ந்து காத்திருப்பவருக்கு 250 கிராம். 150 கிராம் துணியில் முதுகுப்பையின் தோள்பட்டைக்கு அடியிலும் தொடைகளுக்கு நடுவிலும் சீக்கிரம் ஓட்டை விழும், அதைத் தெரிந்தே வாங்குங்கள். செலவைக் குறைக்க இன்னொரு வழி: பழைய கடையில் அலுவலகத்துக்குப் போடும் மெல்லிய மெரினோ ஸ்வெட்டர் ஏராளமாகக் கிடக்கும். உள்ளாடைக்கு மாற்றாகவே போடலாம். காஷ்மீர் ஆட்டு மயிரில் செய்த ஸ்வெட்டர் கிடைத்தால் ஆசைப்படாதீர்கள். இதமாக இருக்கும், உரசலுக்குத் தாங்காது.

காலுறையில் கம்பளி 70 சதவீதம் அளவில், மீதி நைலானும் கொஞ்சம் எலாஸ்டிக்கும் இருந்தால் குதிகால் நிலைக்கும். இரண்டு ஜோடி போட்டு பூட்ஸ் இறுகினால் ஒரு ஜோடியைவிடக் கால் அதிகம் குளிரும். கைக்கு ராணுவக் கம்பளி உள்ளுறையும் மேலே மிட்டனும் (விரல்கள் பிரியாத கையுறை). தலைக்கு எந்தக் கம்பளித் தொப்பியும் போதும்.

நிறம் பற்றிக் கவலை வேண்டாம். சாம்பல், பழுப்பு, பச்சை எல்லாம் ஒன்றே. மானின் கண்ணுக்கு நீலம் நன்றாகத் தெரியும், சிவப்பும் ஆரஞ்சும் மங்கல். கருநீலக் கோட்டை மட்டும் தவிருங்கள். சிவப்புக் கட்டம் போட்ட கம்பளி பல இடங்களில் சட்டம் கேட்கும் ஒளிர் ஆரஞ்சுக்கு ஈடாகாது. மேலே ஆரஞ்சு வெஸ்ட் போட வேண்டியிருந்தால் பிளாஸ்டிக் வேண்டாம், மென்துணியில் வாங்குங்கள். மொரமொரவென்று ஒலிக்கும் வெஸ்டை மேலே மாட்டிக்கொண்டு உள்ளே கம்பளி போடுவது வீண்.

பழைய கம்பளியோடு வீட்டுக்குள் அந்துப்பூச்சியும் வரும். துணியைத் தின்பது பறக்கும் பூச்சி இல்லை, அதன் புழு. வியர்வை படிந்த கழுத்து, கக்கம், கவட்டை என்று பார்த்துப் பார்த்துத் தின்னும். வாங்கியதை அலமாரியில் வைக்குமுன் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். எடுத்து ஒரு நாள் அறையில் விட்டு மறுபடி ஒரு வாரம். அந்துருண்டை போட்டு வைத்த துணியாக இருந்தால் நாற்றம் எளிதில் போகாது. நிழலில் காற்றோட்டமாக வாரக்கணக்கில் தொங்கவிட வேண்டும். வேட்டைப் பருவம் தொடங்கும் வாரத்தில் அப்படிப்பட்ட கோட்டை வாங்கிப் பயனில்லை, அந்த வாசம் உங்களுக்கு முன்னால் மானிடம் போய்ச் சேரும். வசந்தத்தில் வாங்குங்கள், அப்போது விலையும் இறங்கியிருக்கும்.

துவைப்பதைக் குறைப்பதுதான் பராமரிப்பில் பாதி. ஒவ்வொரு முறையும் உதறி, பிரஷ் போட்டு, வெளியே தொங்கவிட்டால் போதும். துவைக்க வேண்டுமானால் 30 டிகிரிக்கு மேல் போகாத நீர், கம்பளிக்கென்று உள்ள சோப்பு, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, தட்டையாகப் போட்டு உலர்த்துவது. சாதாரண சலவைத்தூளில் புரதத்தை உடைக்கும் நொதி இருக்கும், கம்பளியும் புரதம்தான். வெளுப்பு மினுக்கிகளும் இருக்கும், அவை மானின் கண்ணுக்குத் துணியை நீலமாக ஒளிரவைக்கும். இரத்தக்கறைக்குக் குளிர்ந்த நீர் மட்டும்; வெந்நீர் பட்டால் கறை நிலைத்துவிடும். பல துவையலுக்குப் பிறகு ஸ்வெட்டர் தூறலைத் தாங்காமல் உறிஞ்ச ஆரம்பித்தால் லானோலின், அதாவது ஆட்டுமயிரில் இயற்கையாக உள்ள மெழுகு ஏற்றலாம். இரண்டு டீஸ்பூன் லானோலினை ஒரு கப் வெந்நீரில் சில துளி கம்பளி சோப்போடு பால் போலாகும்வரை கலக்கி, 5 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஊற்றி, ஈரமாக்கிய ஸ்வெட்டரை இரவு முழுக்க ஊறவிடுங்கள். முதல் சில நாள் ஆட்டு வாடை அடிக்கும்.

வெந்நீரும் உலர்த்தும் இயந்திரமும் பட்டு ஒரு ஸ்வெட்டர் குழந்தைச் சட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டால், அதைத் திரும்ப நீட்டப் பார்ப்பது வீண். அப்படிக் கெட்டிப்பட்ட துணியை எங்கே வெட்டினாலும் நூல் பிரியாது. உடற்பகுதியை இரண்டாக மடித்து ஓரம் தைத்தால் பரணில் உட்காரச் சத்தமில்லாத இருக்கை. கைகளை வெட்டினால் மிட்டனுக்கு உள்ளுறை. மிச்சத்தில் பூட்ஸ் இன்சோல் அளவுக்கு இரண்டு துண்டு வரும்.