குளிர்கடல் பாக்டீரியாவில் நொதி தேட பிளேட்டா, மரபணுத்தொகையா?

திருப்பூர்ப் பட்டறைகளில் பனியன் துணிக்குப் பயோ வாஷ் (நொதியால் துணியின் மேற்பிசிறை நீக்கும் சலவை) கொடுக்கும்போது, பருத்தியின் நார்ப்பொருளான செல்லுலோஸைச் சிதைக்கும் செல்லுலேஸ் நொதி வேலை செய்வதற்காகத் தொட்டி நீரைப் பெரும்பாலும் 50 முதல் 55 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். பாய்லரில் அதற்காக எரியும் விறகைக் குறைக்க முடியுமா என்ற கேள்வியோடுதான் கோவையில் உள்ள எங்கள் சிறிய ஆய்வகம், குளிர்ந்த நீரிலேயே வேலை செய்யும் நொதியைத் தேடிக் குளிர்கடல் பாக்டீரியாக்களின் பக்கம் திரும்பியது. அகர் என்னும் கூழ் பரப்பிய பிளேட்டில் பாக்டீரியாவை வளர்த்து நொதியைத் தேடலாம். அல்லது அதன் மரபணுத்தொகையை, அதாவது டிஎன்ஏ முழுவதையும் வாசித்துவிட்டு அதற்குள் தேடலாம். இரண்டையும் செய்து பார்த்து, இப்போது இரண்டாவது வழியில் நிற்கிறோம்.

பிளேட் முறைக்குச் செலவு குறைவு, விளைவைக் கண்ணால் பார்க்கலாம். செல்லுலோஸ் கலந்த அகரின் மேல் காங்கோ ரெட் சாயத்தை ஊற்றி உப்புக் கரைசலால் கழுவினால், நொதி சுரந்த இடம் வெளிறிய வளையமாகத் தெரியும்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது குளிரைக் கட்டிக்காக்கும் பாடுதான். ஆர்க்டிக் கடற்படிவில் கிடைத்த கோல்வெல்லியா சைக்ரெரித்ரேயா 34எச் என்னும் பாக்டீரியா 8 டிகிரியை ஒட்டி நன்றாக வளரும். 20 டிகிரியைத் தாண்டினால் வளராது. எங்களிடம் இருந்தவையும் அதே இயல்புடையவை; காலனி (ஓரிடத்தில் பெருகிய பாக்டீரியாத் திரள்) தெளிவாகத் தெரியவே மூன்று வாரம் ஆகும். சித்திரை மாதத்தில் ஓர் இரவு இன்குபேட்டரின் கம்ப்ரெசர் நின்றுவிட்டது. காலையில் திறந்தபோது, மூடியில் வியர்த்த நீர் அகர் மீது சொட்டி ஓடி, காலனிகள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. கிளிசராலில் உறையவைத்த இருப்பிலிருந்து மீட்கலாம்தான். ஆனால் ஒவ்வொரு மீட்புக்கும் அதே மூன்று வாரக் குளிர் தேவைப்படுகிறது.

மரபணுத்தொகை வழியில் நீண்ட குளிர் ஒருமுறை போதும். டிஎன்ஏவை வாசித்த பிறகு அதன் எழுத்துவரிசை கணினியில் இருக்கும். வேண்டிய மரபணுவைச் செயற்கையாகச் செய்வித்து ஆய்வகத்தில் எளிதில் வளரும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்துக்கொள்ளலாம். அதை 37 டிகிரியில் வளர்த்தாலும், நொதியை உருவாக்கும் கட்டத்தில் 15 முதல் 18 டிகிரிக்கு இறக்குகிறோம்; இல்லையேல் புரதம் சரியாக மடியாமல் திரண்டுவிடுகிறது. அந்தக் குளிர் ஓரிரு நாள் வேலை, கம்ப்ரெசர் நின்றாலும் மறுநாளே மீண்டும் தொடங்கலாம். மேலும், வளையம் சொல்லாததை வரிசை சொல்கிறது. அண்டார்க்டிக் பாக்டீரியாவான சூடோஆல்டெரோமோனாஸ் ஹாலோபிளாங்டிஸின் குளிர் செல்லுலேஸில், வினைபுரியும் பகுதிக்கும் செல்லுலோஸைப் பற்றும் பகுதிக்கும் இடையே வழக்கத்துக்கு மாறான நீண்ட இணைப்பு உண்டு. அத்தகைய அமைப்பை மரபணுவிலேயே படித்துவிடலாம். அதே இனத்தின் டிஏசி125 வகையில், இரண்டு குரோமோசோம்களில் பரவிய ஏறத்தாழ 38.5 லட்சம் டிஎன்ஏ எழுத்துகளை வாசித்து 2005இல் வெளியிட்டார்கள். அன்று அது பெருங்குழுவின் உழைப்பு. இன்று எங்களைப் போன்றவர்கள் மாதிரியை அனுப்பியே வாசித்து வாங்கிவிடலாம்.

இருந்தாலும், முன்பே அறிந்த நொதிகளை ஒத்தவற்றைத்தான் கணினி எளிதில் அடையாளம் காட்டும். யாரும் அறியாத புதிய வகை இருந்தால் அதைப் பிளேட்டே பிடிக்கும். எங்கள் அனுபவமும் சிறியது. மூன்று மரபணுக்களை நொதியாக்கியதில் ஒன்றுதான் 20 டிகிரி நீரில் செல்லுலோஸைச் சிதைத்தது. பட்டறைத் தொட்டியில் உப்பும் சலவைப்பொருளும் கலந்த நீரில் அது தாங்குகிறதா என்பதை ஐப்பசியில் 5 கிலோ துணியைக் கொண்டு பார்க்கவிருக்கிறோம்.