ஏற்காட்டுச் சாலையில் ஐந்து ஆண்டுகள்: பழைய கேம்பர் வேனின் பிரேக்கைச் சீராக்கிய அனுபவம்

2019-இல் நான் வாங்கிய டீசல் வேன், அதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சேலத்துத் தெருக்களில் ஓடிய வண்டி. இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், சிறிய சமையல் மேடை, 120 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, இரண்டு பேட்டரி ஆகியவற்றை வைத்து அதைக் கேம்பராக மாற்றினேன். முன்னால் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டை இருபுறமும் 'பேட்' கவ்வுவது), பின்னால் டிரம் (சுழலும் உருளையை உள்ளிருந்து 'லைனிங்' உரசி நிறுத்துவது), பெடலை மிதிக்கும் விசைக்கு உதவும் வாக்குவம் பூஸ்டர், பின் அச்சுக்கு மேலே சுமைக்கு ஏற்றபடி பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு என்பது இதன் பிரேக் அமைப்பு. இதே அமைப்புள்ள பழைய வேன்களை மாற்றி வைத்திருப்பவர்கள் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் பலர் இருப்பதால், ஐந்து ஆண்டுகளில் எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன்.

அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாக அடிவாரம் வந்து, இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டை அடையும் சாலையில் மாதம் இரண்டு முறையாவது போய் வருகிறேன். ஏறும்போது இன்ஜினுக்குத்தான் வேலை. இறங்கும்போதுதான் வண்டியின் உண்மை நிலை தெரியும். மாற்றி முடித்த முதல் ஆண்டு மழைக்காலத்தில், கடைசி நான்கைந்து வளைவுகள் மட்டும் மீதமிருக்கையில், பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனது. பிரேக் பிடித்தது, ஆனால் பஞ்சு மூட்டையை மிதிப்பது போன்ற உணர்வு. பக்கத்து இருக்கையிலிருந்த என் மனைவி, "என்னங்க, ஏதோ கருகுற வாசனை வருதே" என்றார். அடிவாரச் சோதனைச் சாவடியைத் தாண்டி ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தபோது முன்சக்கரங்களின் பக்கம் கையைக் கொண்டுபோக முடியவில்லை. பின் டிரம்மின் அருகே கையை நிதானமாக வைத்திருக்க முடிந்தது. அந்த வித்தியாசத்திலேயே விடை இருந்தது. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

நகரில் ஒரு பட்டறையில் முன் பேட் இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டு, பிரேக் குழாயில் சேர்ந்த காற்றை எடுத்து, "இனி கவலை இல்லைங்க" என்று அனுப்பினார்கள். ஆறேழு மாதம் கவலை இல்லாமல்தான் இருந்தது. பிறகு மறுபடியும் அதே வாசனை. முன் பேட்டுகள் 9,000 கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிட்டன. அதே வண்டியின் பின் லைனிங்கோ நான் வாங்கிய நாளிலிருந்து மாற்றப்படாமலேயே புதிது போல இருந்தது. பின் லைனிங் நீடித்து உழைக்கிறது என்று அப்போது மகிழ்ந்தேன். வேலை செய்யாத ஒன்று தேயாமல் இருப்பதில் மகிழ என்ன இருக்கிறது என்பது பின்னர்தான் விளங்கியது.

கொண்டலாம்பட்டிப் பக்கம் லாரி வேலை பார்க்கும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் சக்கரத்தைத் தொடுவதற்கு முன்பே, "வெயிட்டு போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டார். பக்கத்து எடை மேடையில் முதலில் முன் அச்சை மட்டும் ஏற்றியும், பிறகு முழு வண்டியையும் ஏற்றியும் பார்த்ததில், முன்னால் 1,240 கிலோ, பின்னால் 1,880 கிலோ, மொத்தம் 3,120 கிலோ என்று சீட்டு வந்தது. தண்ணீர்த் தொட்டி முழுவதும் பின் அச்சுக்கும் பின்னால் இருந்ததால் சுமை அங்கே குவிந்திருந்தது. அதைத் தாங்க வேண்டும் என்பதற்காகவே கேம்பராக மாற்றியபோது பின் ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு எஃகுப் பட்டை சேர்த்திருந்தேன்.

அவர் டார்ச்சுடன் வண்டிக்கு அடியில் படுத்து, பின் அச்சிலிருந்து அந்த வால்வுக்குப் போகும் கம்பியை விரலால் தட்டிக் காட்டினார். "இது என்ன பண்ணுதுன்னா, பின்னாடி வண்டி எவ்வளவு அமுங்கியிருக்குதோ அதை வெச்சுத்தான் வெயிட்டைக் கணக்குப் போடுது. நீங்க பட்டை போட்டுத் தூக்கிட்டீங்க. அதனால வண்டி காலியா இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்குதுங்க இது."

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காலியான வேனில் பலமாகப் பிரேக் அடித்தால் எடை முன்னால் சாய்ந்து, பின் சக்கரங்கள் இலேசாகி, சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் சுழலக்கூடும். அதைத் தவிர்க்கவே, பின்பக்கம் உயர்ந்திருக்கும்போது அந்த வால்வு பின் டிரம்முக்குப் போகும் எண்ணெய் அழுத்தத்தைக் குறைக்கிறது; சுமை ஏறிப் பின்பக்கம் தாழும்போது கூட்டுகிறது. கூடுதல் பட்டையால் என் வண்டி ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் உயர்ந்து நின்றது. ஆகவே இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் குறைவான எடை பின்னால் இருந்தும், வால்வு அதை வெற்று வண்டியாகவே நடத்தி, மூன்று டன் வண்டியை நிறுத்தும் பாரத்தின் பெரும்பகுதியை முன் டிஸ்க்குகளின் தலையில் கட்டிவிட்டது. அமைப்பு தன் வேலையைச் சரியாகவே செய்தது. தவறான தகவலைக் கொடுத்தது நான்தான்.

அந்தப் பாரம் எவ்வளவு என்று ஒரு நாள் கணக்குப் போட்டேன். மலைமேலிருந்து அடிவாரம் வரை உத்தேசமாக ஆயிரம் மீட்டர் இறக்கம். மூன்று டன் வண்டி அத்தனை உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஏறத்தாழ தொண்ணூறு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. இன்ஜினும் காற்றும் டயரும் ஒரு பகுதியை வாங்கிக்கொள்கின்றன என்றாலும், மீதி முழுவதும் பிரேக்கில் வெப்பமாகத்தான் போக வேண்டும். அதை நான்கு சக்கரங்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய இடத்தில் இரண்டு மட்டும் சுமந்தால் கருகாமல் என்ன செய்யும்?

கம்பியை நாமே வளைத்து வால்வைத் திறந்துவிடலாமே என்ற யோசனை எனக்கும் வந்தது. அதைச் செய்யாதீர்கள். குத்துமதிப்பாகத் திறந்துவிட்டால், தொட்டி காலியாக இருக்கும் ஒரு மழை நாளில் பின் சக்கரம்தான் முதலில் பூட்டும். நாங்கள் செய்தது வேறு. முதலில் கூடுதல் பட்டையைக் கழற்றினோம். 120 லிட்டர் தொட்டியை நீக்கி, 60 லிட்டர் தொட்டி ஒன்றை இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் வைத்தோம். பயன்படாத கூரைப் பெட்டியையும் இறக்கினேன். மறுபடி எடை போட்டபோது முன்னால் 1,290, பின்னால் 1,690, மொத்தம் 2,980 கிலோ. அதன் பிறகு, அழுத்தமானி வைத்திருக்கும் ஒரு பட்டறையில், கையேட்டில் அந்த அச்சு எடைக்குக் கொடுத்திருந்த அளவுக்கு வால்வின் கம்பியை அமைத்தார்கள். காசு கொடுத்து வாங்கிய எந்தப் பொருளும் இந்த எடைக்குறைப்பு அளவுக்குப் பயன் தரவில்லை.

இனி டிரம். பின் டிரம்மைக் கழற்றியபோது லைனிங்கின் மேற்பரப்பு பளிங்கு போல மின்னியது. சூடேறாமல் சும்மா உரசிக்கொண்டே இருந்ததன் விளைவு அது. டிரம்மின் விளிம்பில் படிக்கட்டுப் போல ஒரு வரம்பும் எழுந்திருந்தது. அதை லேத்தில் கொடுத்துக் கடைந்து சமப்படுத்தினோம். அதற்கு முன் டிரம்மில் பொறித்திருக்கும் உச்ச விட்டத்தைப் பார்த்துக்கொள்வது முக்கியம். அதைத் தாண்டினால் டிரம்மை மாற்றுவதைத் தவிர வழியில்லை. லைனிங்கைப் புதிதாக ரிவெட் அடித்துப் போட்டோம். எண்ணெய் அழுத்தத்தால் லைனிங்கைத் தள்ளும் வீல் சிலிண்டரில் ஒரு பக்கம் கசிவு இருந்ததால் இரண்டு பக்கமும் மாற்றினோம். ஒன்றை மட்டும் மாற்றினால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும் வாய்ப்பு உண்டு.

அட்ஜஸ்ட் செய்யும் வரிசையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள், நானும் விட்டிருந்தேன். ஹேண்ட் பிரேக் கேபிளை முதலில் முழுவதும் தளர்த்திவிட வேண்டும். கேபிள் இறுக்கமாக இருந்தால் ஷூக்கள், அதாவது லைனிங்கைத் தாங்கும் வளைந்த தகடுகள், ஏற்கெனவே விரிந்த நிலையில் இருக்கும். அப்போது ஷூவின் இடைவெளியை அமைக்கும் பல் சக்கரத்தில் எண்ணும் ஒவ்வொரு பல்லும் பொய்க்கணக்கு. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டின் மேல் நிறுத்தி, பின் தட்டிலுள்ள ரப்பர் மூடியைக் கழற்றி, ஸ்க்ரூ டிரைவரால் பல் சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தள்ளினால், 'டிக், டிக்' என்ற ஓசையுடன் அது நகரும். கையால் சுழற்ற முடியாதபடி சக்கரம் நிற்கும் வரை இறுக்கி, பெடலை இரண்டு முறை பலமாக மிதித்து ஷூக்கள் நடுவில் அமர்ந்ததும், மறுபடி சற்றே இறுக்கிப் பார்த்து, பின்பு பின்னோக்கித் தளர்த்த வேண்டும். என் வண்டியில் ஆறு அல்லது ஏழு பல் தளர்த்தியதும், சக்கரம் தடையின்றிச் சுழன்று, எங்கோ ஓரிடத்தில் மட்டும் துணி உரசுவது போன்ற மெல்லிய ஓசை வருகிறது. அதுதான் நான் நிறுத்தும் இடம். இரண்டு பக்கமும் ஒரே ஓசை வந்த பிறகே ஹேண்ட் பிரேக் கேபிளை இறுக்குகிறேன். கேபிளை இறுக்கி மேலோட்டமாகப் பிரேக்கைச் 'சரிசெய்து' கொடுப்பது விரைவான வேலைதான். ஆனால் அதற்குப் பின் பெடல் எத்தனை மிதித்தாலும் உயராது.

பிரேக் எண்ணெயைப் பற்றி ஒரு சொல். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்ற தர வகை எண்ணெயின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிய பின் 140 வரை இறங்கலாம். டாட் 4 வகைக்கு இவை 230, 155. எனக்கு அந்த மழைக்காலத்தில் நேர்ந்த பஞ்சுப் பெடல், பழைய எண்ணெய், முன் டிஸ்க்கில் பேட்டை அழுத்தும் காலிப்பரில் கொதித்து ஆவிக்குமிழ் கட்டியதால்தான். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். இப்போது டாட் 4 ஊற்றி, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை தவறாமல் மாற்றுகிறேன். பழைய ரப்பர் ஹோஸ்களையும் அப்போதே மாற்றினேன். வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும், உள்ளே உப்பி எண்ணெயைத் திரும்ப விடாமல் தடுக்கக்கூடிய வயது அவற்றுக்கு.

மலைமேல் பெடல் கொஞ்சம் கெட்டியாக இருப்பது குறையல்ல. பூஸ்டர் உதவுவது வெளிக்காற்றின் அழுத்தத்தால்தான். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அந்த அழுத்தம் சேலத்தில் இருப்பதைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. உதவியும் அதற்கேற்பக் குறைகிறது. பூஸ்டர் நலமாக இருக்கிறதா என்று பார்க்க, இன்ஜினை அணைத்து ஐந்தாறு முறை மிதித்து, கடைசி மிதியில் காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்கடியில் சற்றே இறங்க வேண்டும்.

வேலையெல்லாம் முடிந்த பின், புதிய லைனிங் படிய வேண்டும் என்பதற்காக, ஓமலூர் சாலையில் விடியற்காலையில் முப்பது முறைக்கு மேல் ஐம்பதிலிருந்து இருபதுக்கு மிதமாக வேகத்தைக் குறைத்து ஓட்டினேன். அடுத்த இறக்கத்தில் அடிவாரத்தில் நிறுத்தி, வெப்பமானித் துப்பாக்கியால் அளந்தேன். வேலைக்கு முன்பு முன் டிஸ்க் 310 டிகிரி, பின் டிரம்மின் வெளிப்புறம் 95 டிகிரி என்று குறித்து வைத்திருந்தேன். இப்போது முன்னால் 215, பின்னால் 140. வாசனை இல்லை, பெடலும் தன் இடத்தை விட்டு நகரவில்லை. ஓட்டும் முறை இரண்டு நாளும் ஒன்றே: ஏறிய கியரிலேயே, அதாவது பெரும்பாலும் இரண்டாவதில், இறங்குவது, பிரேக்கை ஓயாமல் உரசாமல், வளைவுக்கு முன் அழுத்தமாக மிதித்துவிட்டுக் காலை எடுத்துவிடுவது. தொப்பூர் கணவாயில் சேலத்தை நோக்கி இறங்கும் லாரிகள், டீசலை மிச்சம்பிடிக்க நியூட்ரலில் விடப்பட்டுக் கட்டுப்பாட்டை இழந்த செய்திகளை நாம் படிக்காத ஆண்டில்லை. எந்தச் சிறந்த பிரேக்கும் அந்தப் பழக்கத்துக்கு ஈடுகொடுக்காது.

வீண்செலவும் உண்டு. மலைச் சாலைக்கென்றே செய்தது என்று சொல்லி விற்ற கெட்டியான பேட் ஒன்றை இடையில் போட்டேன். சூடேறிய பின் நன்றாகப் பிடித்தது. ஆனால் காலையில் முதல் இரண்டு மூன்று மிதிக்கு வழுக்கியது, செவ்வாய்ப்பேட்டை நெரிசலில் கீச்சிட்டு எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. மூன்றே மாதத்தில் கழற்றிவிட்டுச் சாதாரணப் பேட்டுக்கே திரும்பினேன். ஹேண்ட் பிரேக் இன்னும் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. நாகலூர்ப் பக்கம் சரிவில் இரவு தங்கும்போது, கியரில் போட்டு, சக்கரத்துக்கு இரண்டு கட்டைகள் வைத்த பிறகே கட்டிலில் படுக்கிறேன்.

சென்ற மாதம் 10,000 கிலோமீட்டர் சோதனைக்காகச் சக்கரங்களைக் கழற்றினேன். முன் பேட்டில் பாதிக்கு மேல் மீதம் இருக்கிறது. பின் லைனிங், இத்தனை ஆண்டுகளில் முதல் முறையாக, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் தேய்ந்திருக்கிறது; இரண்டு பக்கமும் ஒரே அளவு.